ஒரு பிடி இலந்தை இலை

"நான் மவுத்தானா என்னைச் சுபைதாதான் குளிப்பாட்டணும்" என்றார் உம்மா.

ஐம்பத்தேழாம் வருடம், ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை. ஹட்டனில் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. உம்மா அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மைமூன் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெங்காயம் பாதி அழுகிக் கிடப்பதைப் பற்றித் தொடங்கிய பேச்சு எப்படி அங்கே போய் நின்றது என்று மைமூனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதற்குப் பிறகு பேசிய ஒவ்வொரு சொல்லும் மட்டும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

"என்னா உம்மா, காலங்காத்தால மவுத்துப் பேச்சு?"

"பேசாட்டி வராமப் போயிருமா? வஸிய்யத்துச் சொல்றேன், என் கடைசி ஆசை, காதுல வாங்கிக்க."

"பெத்த மக நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எனக்குத்தானே முதல் உரிமை?"

"அது எனக்கும் தெரியும். கோட்டுல நிக்கிற மாதிரிப் பேசாத."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

உம்மா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டார். "நீ தண்ணி மோந்து குடு."

"தண்ணி மோந்து குடுக்கவா என்னைப் பெத்தீங்க?"

"இங்க பாருங்க கூத்த. வெங்காயம் உரிக்கிறது நான், கண்ணுல தண்ணி வர்றது இவளுக்கு."

அந்த நேரம் பார்த்து வாசலில் குடை மடக்கும் சத்தமும் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்ற குரலும் கேட்டன. உம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. சுபைதா கையில் துணிப்பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

"வா சுபைதா. ஜாக்கெட்டு முடிஞ்சிருச்சா? வா, போட்டுப் பாப்போம்."

இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். கதவு சாத்தி, உள்ளே தாழ் விழுந்தது.

களைந்த அரிசியையே மூன்றாம் தடவை களைந்தபடி மைமூன் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதத்தில் இது இரண்டாவது ஜாக்கெட். நாலு சுவருக்குள் இருக்கும் உம்மாவுக்கு எதற்கு இத்தனை ஜாக்கெட்? அதைப் போட்டுப் பார்க்க அரைமணி நேரம் எதற்கு? உள்ளேயிருந்து தணிந்த பேச்சு கேட்டது. ஒரு தடவை உம்மா சிரித்த சத்தமும் கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பொறாமைப்பட சுபைதாவிடம் என்ன இருந்தது? முப்பத்தாறு வயது விதவை. பிள்ளை குட்டி கிடையாது. டிக்கோயா ரோட்டில் ஒரு தகரக்கூரை அறை, ஒரு தையல் மெஷின். எழுதப் படிக்கத் தெரியாது. மைமூனோ கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள், தமிழில் கித்தாபுகளைத் தடங்கலில்லாமல் வாசிப்பவள். வாப்பா விட்டுப்போன துணிக்கடையைப் புருஷன் ஸுஹைர் நடத்துகிறார். இருபத்துமூன்று வயதுக்குக் குறையென்று சொல்ல எதுவுமில்லை. பொறாமைப்பட ஒன்றுமே இல்லாதவள்மேல் பொறாமைப்படுகிறோமே என்பதில் அவள் மனம் இன்னும் புழுங்கியது.

பெருநாள் பலகாரத்தில் உம்மா எடுத்து வைக்கும் முதல் தட்டு சுபைதாவுக்குப் போகும். மே மாதம் கண்டியில் ஒரு கலியாண வீடு என்று இருவரும் ரயிலேறிப் போய் மறுநாள்தான் திரும்பினார்கள். "நானும் வர்றேன்" என்றதற்கு, "ஸுஹைருக்கு யாரு சோறு போடுறது?" என்று உம்மா சொல்லிவிட்டார். ஸுஹைரும் தன் பங்குக்கு, "சுபைதா ராத்தா மாதிரி ஒரு மனுஷி இந்த ஊருக்குக் கெடச்சது அல்லாவோட ரஹ்மத்து" என்பார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்புக் கூடும்.

சுபைதாவைப் பற்றி ஊர் அறிந்த கதை இதுதான். அவள் புருஷன் ஹமீத் மஸ்கெலியாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் சின்னக் கடை வைத்திருந்தார். நாற்பத்தெட்டாம் வருடத்து மழையில் ஹமீதின் தங்கச்சி பிரசவத்தில் இறந்துபோனாள். ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. ஹட்டனிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவர வழியில்லை. இறந்தவள் பெண் என்றால் அந்த மையித்தைப் பெண்தான் குளிப்பாட்ட வேண்டும். அந்தத் தோட்டத்திலோ முஸ்லிம் பெண் என்று சுபைதா ஒருத்திதான். சின்ன வயதில் தன் உம்மாவைக் குளிப்பாட்டியபோது கதவிடுக்கில் பார்த்தது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. லயத்து மருத்துவச்சி பேச்சியம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "நீ செய்யி தாயி. ஒனக்குத் தெரிஞ்சத செய்யி. நா இங்கனதான் நிக்கிறேன்" என்று தைரியம் சொன்னாளாம். சுபைதா தெரிந்ததைச் செய்தாள். செய்தது சரியா தப்பா என்று தெரியாமலே அந்தப் பெண்ணை மண்ணுக்கு அனுப்பி வைத்தாள்.

மறு வருடம் ஹமீதும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவள் மெஷினோடு ஹட்டனுக்கு வந்தாள். வந்த முதல் வாரமே பள்ளிவாசல் லெப்பையின் மனைவியிடம் போய் உட்கார்ந்து குளிப்பாட்டும் முறையை முதலிலிருந்து கடைசிவரை கற்றுக்கொண்டாள். "இன்னொருத்திக்கு அப்படி ஆகக்கூடாது" என்பதைத் தவிர அவள் காரணம் எதுவும் சொன்னதில்லை. அதிலிருந்து மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை என்று எங்கே ஒரு முஸ்லிம் பெண் கண்ணை மூடினாலும் சுபைதா போவாள். பஸ்ஸிலும் போவாள், கொழுந்து லொறியிலும் போவாள், இரண்டும் இல்லாவிட்டால் நடந்தும் போவாள்.

கக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதில் காய்ந்த இலந்தை இலை. மையித்தைக் கழுவும் தண்ணீரில் இலந்தை இலையைக் கசக்கிப் போடுவது நபிவழி. இந்தக் குளிரில் இலந்தை முளைக்காது. மன்னாரில் தெரிந்தவர்கள் மூலம் வருடத்துக்கு ஒரு தடவை வரவழைத்து நிழலில் உலர்த்தி வைத்திருப்பாள்.

தையலிலும் அவளுக்கு ஒரு பழக்கம். எடுத்த துணியை அந்தி மஹ்ரிபு பாங்குக்கு முன்னால் முடித்துவிடுவாள். முடிக்க முடியாது என்று தெரிந்தால் கத்தரிக்கோலையே வைக்கமாட்டாள். "நாளைக்கு நான் இருப்பேன்னு யாரு எழுதிக் குடுத்தா? ஒருத்தரு துணியக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிட்டா அவங்க என்னா செய்வாங்க?" என்பாள். யாருடைய துணி என்று எழுதி வைக்கத் தெரியாததால் உள்ஓரத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் ஓட்டி அடையாளம் வைப்பாள். உம்மாவுக்குப் பச்சை.

வஸிய்யத்தைக் கேட்ட மறுநாளே மைமூன் வாப்பாவின் பெட்டியிலிருந்த சட்டக் கித்தாபை எடுத்தாள். மையித்தைக் குளிப்பாட்டும் பாடத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தாள். வலப்பக்கம் முதலில். ஒற்றைப்படை எண்ணிக்கை. கடைசித் தண்ணீரில் கர்ப்பூரம். கூந்தலை மூன்று பின்னலாக. உம்மாவிடம் போய்ச் சொல்லலாம், எனக்கும் தெரியும் என்று. அதைவிட ஊருக்கு முன்னால் காட்டினால் இன்னும் நல்லது.

அதற்கு ஒரு நாள் வாய்த்தது. நவம்பரில் பக்கத்துத் தெருவில் ஒரு மவுத்து. முற்றம் நிறையப் பெண்கள். சுபைதா அடுப்பில் அண்டாவை ஏற்றி, விரலை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் வாய் திறக்காத மைமூன் திறந்தாள்.

"ராத்தா, மையித்துக்குப் பச்சத்தண்ணிதான் மேல்னு கித்தாபுல இருக்கு. நீங்க ஏன் எப்பவும் சுடுதண்ணி வைக்கிறீங்க?"

எல்லாத் தலையும் திரும்பியது. சுபைதா கோபப்படவில்லை. "எனக்குக் கித்தாபு தெரியாதும்மா. இந்தக் குளிருல பச்சத்தண்ணி பட்டா நம்ம கை வெறச்சுப் போவுது. வெறச்ச கைக்கு அழுத்தம் தெரியாது. மையித்த நோகாமப் புடிக்கணுமில்லையா?"

"நீங்க சொல்றது வேற, சட்டம் வேற."

லெப்பை திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். "அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பாருங்க மகள்" என்றார். "குளிர் கடுமையா இருந்தா வெந்நீர் வைக்கலாம்னு அங்க போட்டிருக்கு."

யாரோ ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். மைமூன் வீட்டுக்கு வந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். போட்டிருந்தது.  கித்தாபையே தொடாதவளிடம் தோற்றுப்போயிருந்தாள்.

ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு உம்மா கண்ணை மூடினார். இரண்டு மாதமாகவே மெலிந்து, குரல் தேய்ந்து போயிருந்தார். "வயசாச்சு, குளிரு ஒத்துக்கல" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்ததை மைமூன் நம்பியிருந்தாள்.

அழுகை சற்று அடங்கியதும் ஸுஹைர் வந்து கேட்டார்: "மைமூன், மத்தியானம் லுஹருக்கு எடுத்துரலாம்னு லெப்பை சொல்றாரு. சுபைதா ராத்தாவுக்கு ஆள் போயிருச்சா?"

"போயிருச்சு" என்றாள் மைமூன்.

போகவில்லை. அனுப்ப வேண்டியவள் அவள்தான், அனுப்பவில்லை. பொய் என்று அப்போது தோன்றவில்லை. என் உம்மா, உயிரோடு இருந்தவரை கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு இருந்தார், இந்த ஒரு நேரமாவது எனக்கு வேண்டும். இவ்வளவுதான் அவள் மனதில் ஓடியது.

நேரம் போனது. வந்திருந்த பெண்கள், "சுபைதாவக் காணோமே" என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மைமூன் எழுந்தாள். "நானே குளிப்பாட்டுறேன். யாரும் உள்ள வர வேணாம். தேவைன்னா கூப்புடுறேன்." ஒருத்தி அடுப்பில் அண்டா வைக்கப் போனாள். "வேணாம், பச்சத்தண்ணி போதும்" என்று தடுத்தாள். அன்றைக்குப் புல்வெளியெல்லாம் வெள்ளையாக உறைபனி. அவளுக்கும் தெரியும், அடுத்த பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று. அந்தப் பக்கத்தை நினைத்துத்தான் அந்த வீம்பு.

பின்னறையில் பலகையில் உம்மா. மேலே ஒரு வெள்ளைத் துணி. மைமூன் கதவைத் தாழிட்டாள். பிஸ்மில்லாச் சொல்லி, மேலே மூடிய துணி விலகாமல் கையை உள்ளே விட்டு ஜாக்கெட்டின் ஊக்குகளைக் கழற்றினாள். இடப்பக்கம் கையில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. துணியைச் சற்று விலக்கிப் பார்த்தாள்.

ஜாக்கெட்டின் உட்புறம் நாலாக மடித்த பருத்தித் துணி ஒன்று வைத்துத் தைத்திருந்தது. அதன் ஓரத்தில் பச்சை நூல். அதற்குக் கீழே, இடது மார்பில், உள்ளங்கை அகலத்துக்கு ஆறாத புண். பல மாதத்துப் புண். அதைச் சுற்றி யாரோ பார்த்துப் பார்த்துத் துடைத்து மருந்து வைத்த சுத்தம்.

அந்த அரைமணி நேரங்கள் எதற்கென்று அப்போது புரிந்தது.

துணியை மூடினாள். பாத்திரத்தில் கைவிட்டுத் தண்ணீரை எடுத்தாள். இரண்டாவது தடவை அள்ளியதுமே விரல்கள் மரத்துவிட்டன. புண் இருக்கும் இடத்தை எப்படித் தொடுவது? எவ்வளவு அழுத்தினால் என்ன ஆகும்? விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. உதவிக்கு யாரையாவது கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் அவர்களும் பார்ப்பார்கள். மாலைக்குள் ஊர் முழுக்கப் பேசும். உம்மா மகளிடம்கூட மறைத்ததை நாலு பேர் பார்க்க விடுவதா? தன்னால் செய்யவும் முடியாது, பிறரை அழைக்கவும் முடியாது. மனப்பாடம் செய்த பாடத்தில் ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை. இரு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் உம்மாவின் காலடியில் நின்றாள்.

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"மைமூன். நான் சுபைதா. தெறங்கம்மா."

திறந்தாள். சுபைதாவின் செருப்பெல்லாம் சேறு. கக்கத்தில் பிஸ்கட் டின். அவளுக்குப் பின்னால், முற்றத்தில், பால் ஊற்றும் காளியாயி யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "சின்னம்மா பாவம், அழுவுற அழுவையில ஆளு விட மறந்திருச்சு போல. பால் ஊத்த வந்த நாந்தான் கேனப் போட்டுட்டு ஓடுனேன். இந்த அம்மா எனக்கு எத்தன ஜாக்கெட்டு தச்சுக் குடுத்திருக்கு, இதுகூடச் செய்யலைன்னா எப்புடி?"

சுபைதா உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள், மைமூனின் விரல்களைப் பார்த்தாள். "அண்டாவ அடுப்புல ஏத்தச் சொல்லுங்க" என்று வெளியே குரல் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மைமூனின் இரு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துத் தேய்த்துவிட்டாள்.

"பாத்துட்டீங்களா?"

மைமூன் தலையசைத்தாள்.

"நீங்க பாக்கக் கூடாதுன்னுதான் என்கிட்டச் சொன்னாங்க. பாத்தா, அப்புறம் என்னைய நெனைக்கிறப்பல்லாம் அவளுக்குப் புண்ணுதான் ஞாபகம் வரும், என் மொகம் வராதுன்னாங்க. கண்டியில அன்னைக்குக் கலியாண வீடு இல்லம்மா. டாக்டருகிட்டப் போனோம். காலங்கடந்து போச்சுன்னுட்டாரு."

"நான் உங்களுக்கு ஆள் அனுப்பல ராத்தா. வேணும்னேதான்."

"தெரியும்" என்றாள் சுபைதா. டின்னைத் திறந்து ஒரு பிடி இலை எடுத்துக் கசக்கினாள். "நீங்க தலைமாட்டுக்கு வாங்க. மொகமும் கூந்தலும் உங்க பொறுப்பு. மத்தத நான் பாத்துக்கிறேன். மொகத்த மட்டும் பாருங்க, கீழ பாக்காதீங்க."

வெந்நீர் வந்தது. சுபைதாவின் கை மூடிய துணிக்குள் போய் வந்ததே தவிர எதையும் வெளியே காட்டவில்லை. மைமூன் உம்மாவின் நெற்றியைக் கழுவினாள். நரைத்த கூந்தலை அலசி மூன்றாகப் பின்னினாள். லுஹருக்கு நாலு பேர் தோளில் சந்தூக்கு வாசலைத் தாண்டியது.

அதோடு அவளுடைய பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். வேறொரு உருவம் எடுத்தது, அவ்வளவுதான். உம்மாவின் வலியைப் பார்த்தது சுபைதா. உம்மா பயந்து அழுத நேரங்கள் இருந்திருக்கும். அவற்றை வைத்திருப்பதும் சுபைதா. தனக்கு மிஞ்சியது ஒரு முகமும் மூன்று பின்னலும். பல நாள் இதை நினைத்து அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஒருநாள் டிக்கோயா ரோட்டு அறைக்கே போய்விட்டாள். "உம்மா உங்ககிட்ட என்னென்ன சொன்னாங்க?"

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த சுபைதா நிறுத்தவில்லை. "அது அமானிதம். என்கிட்ட நம்பி விட்டுட்டுப் போனது."

"நான் மக."

"மகளா இருந்தாலும் அமானிதம் அமானிதந்தாம்மா. நீங்க மவுத்தாகி, உங்க புள்ள வந்து கேட்டாலும் இதத்தான் சொல்வேன்." பிறகு சிரித்தாள். "அழுதுட்டே ஒக்காந்திருக்காதீங்க. நாளைக்கு லிந்துலையில ஒரு மவுத்து. தண்ணி மோந்து குடுக்க ஆள் இல்ல. வர்றீங்களா?"

போனாள். எந்த வேலையைச் சொன்னதற்கு அன்று அடுப்படியில் அழுதாளோ, அதையே இரண்டு வருடம் செய்தாள். செம்பில் மோந்து மோந்து சுபைதாவின் கையில் கொடுத்தாள். பணக்கார வீட்டுக்காரியும் பிச்சையெடுத்துப் பிழைத்தவளும் அதே அகலப் பலகையில்தான் கிடந்தார்கள். பிறகு கூந்தல் அலசினாள், மையித்தைப் போர்த்தும் கபன் துணி மடித்தாள். வீட்டில் முடிக்காமல் கிடந்த எம்பிராய்டரி ஒவ்வொன்றாக முடிந்தது. பத்து வருடமாக ஓதி முடிக்காமல் விட்டிருந்த குர்ஆனை ஒரு ரமழானில் முடித்தாள்.

அறுபத்திரண்டில் நோர்வுட்டிலிருந்து ஒரு கிழவி, "என்னை அந்தத் துணிக்கடைப் புள்ளதான் குளிப்பாட்டணும்" என்று வஸிய்யத்துச் சொல்லி அனுப்பினார். செய்தியைக் கேட்டதும் மைமூனின் கண் தானாகச் சுபைதாவின் முகத்துக்குப் போனது. ஒரு சின்னக் கறுப்பாவது அங்கே தெரியுமா என்று பார்த்தாள். தெரியவில்லை. "அல்ஹம்துலில்லா, எனக்கு முட்டி வலி, நீங்களே போயிட்டு வாங்க" என்றாள் சுபைதா. அதிலும் மைமூன் தோற்றாள். இந்த மனுஷிக்குப் பொறாமையே வராதா என்று அவள்மேல் இன்னொரு பொறாமை வந்தது.

அறுபத்து நாலாம் வருடத்து மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி கட்டிச் சுபைதா மவுத்தானாள். நாற்பத்துமூன்று வயது. அறையைத் திறந்தபோது மெஷினில் ஒரு துணியும் இல்லை. மூலையில் ஏழு ஜாக்கெட் மடித்து வைத்திருந்தது, ஆளுக்கொரு நிற நூலோடு. காளியாயி வந்து தன் மஞ்சள் நூலைத் தேடி எடுத்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, "பட்டன்கூட வச்சு முடிச்சிருக்கு பாருங்க" என்றாள். அரைகுறையாக எதுவும் இல்லை. மைமூன்தான் குளிப்பாட்டினாள், வெந்நீரில். என்ன பார்த்தாள் என்று அவளை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, பொகவந்தலாவையில் ஒரு மையித்தை அனுப்பிவிட்டு இருவரும் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். எதிர் மலையில் கொழுந்துக் கூடைகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. சுபைதா பிஸ்கட் டின்னைக் கக்கத்திலிருந்து எடுத்து மைமூனின் கையில் வைத்தாள்.

"இனிமே இது உங்ககிட்ட இருக்கட்டும்."

மைமூன் டின்னை இறுக்கிப் பிடிக்கவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்: "வேற யாருகிட்டயாவது குடுக்கிறேன்னு சொல்லியிருந்தீங்களா ராத்தா?"

சுபைதாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "அல்லாவே, இன்னும் அது போகலியா உங்களுக்கு! இல்ல புள்ள, யாருகிட்டயும் சொல்லல." சிரித்த கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு டின்னின் மூடியை ஒரு தட்டுத் தட்டி இறுக்கினாள்.

"கேக்குறவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுங்க. ஒரே ஒரு பிடி மட்டும் எனக்கு மிச்சம் வச்சிருங்க."